டிசம்பர் 31க்குள் பேட்டரி வண்டி எடுத்தே ஆகணுமா? ஷோரூம்காரர் அவசரப்படுத்துறார்

மாடிவீடு விருதம்பட்டு | 9 நவம்பர் 2025, இரவு 9.40

வேலூர் மக்களே, ஒரு யோசனை சொல்லுங்க. விருதம்பட்டுல மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கேன். வேலை ராணிப்பேட்டை சிப்காட்ல. திருவலம் வழியா போக வர ஐம்பது கிலோமீட்டர். என் பழைய ஸ்கூட்டர் இப்போ காலையில பதினஞ்சு உதை வாங்கிட்டுதான் எழுந்திரிக்குது.

இன்னைக்கு ஒரு ஷோரூம் போயிருந்தேன். விற்பனைப் பையன் ஒரு பேப்பர் எடுத்து "31-12", "31-3"னு ரெண்டு தேதி எழுதி ரெண்டையும் வட்டம் போட்டான். "சார், இந்த ரெண்டும் தாண்டினா இருபதாயிரம் காலி. இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுடுங்க"ன்னு நெருக்குறான். நான் டீ குடிச்சிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மானியம் நிஜமா எவ்வளவு? கேஸ் மானியம் மாதிரி பேங்க்ல விழுமா? அந்த ரெண்டு தேதிக்கும் என்ன அர்த்தம்?


ஆற்காட்டு மக்கன்பேடா | 9 நவம்பர், இரவு 10.25

பையன் சொன்ன தேதி ரெண்டும் சரிதான். ஆனா அவன் எல்லாத்தையும் ஒரே மூட்டையாக் கட்டிட்டான். பிரிச்சுப் பார்க்கணும்.

மார்ச் 31, 2026 டெல்லியோடது. பிஎம் இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபர் 1ல ஆரம்பிச்சது, மொத்தம் 10,900 கோடி. திட்டத்தை 2028 வரைக்கும் நீட்டிச்சாங்க, ஆனா ரெண்டு சக்கரம், மூணு சக்கரத்துக்கான மானியம் இந்த மார்ச்சோட சரி. முதல் வருஷம் பேட்டரியில ஒரு கிலோவாட் அவருக்கு (பேட்டரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும்னு சொல்ற அளவு) 5,000 கொடுத்தாங்க, இப்போ 2,500. ஸ்கூட்டருக்கு உச்சவரம்பு 5,000. நீங்க பார்த்த வண்டியில 3 கிலோவாட் அவர் பேட்டரின்னா 7,500 வரும்னு எண்ணாதீங்க, 5,000லயே நின்னுடும்.

அது உங்க பேங்குக்கு வராது. பில்லுலயே கழிச்சிடுவாங்க, கம்பெனி பிறகு அரசுகிட்ட வாங்கிக்கும். உங்க ஆதாரைப் போட்டு ஷோரூம்லயே ஒரு மின்னணு வவுச்சர் எடுப்பாங்க, செல்ஃபி கூட எடுப்பாங்க. கையெழுத்துப் போடும்போது பில்லுல மானியக் கழிவு தனி வரியா இருக்கான்னு பாருங்க. ஒரு ஆதாருக்கு ஒரு வண்டிதான். மச்சான் பேருக்கு எடுத்துத் தரேன்னு வாக்குக் கொடுத்துடாதீங்க.

டிசம்பர் 31 நம்ம மாநிலத்தோடது, பெரிய தொகையும் இதுலதான். பேட்டரி வண்டிக்குச் சாலை வரி முழு விலக்கு. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லருந்து புது டூவீலருக்கு ஆயுள் வரி, விலை ஒரு லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல 12 சதவீதம். 1,18,000 ரூபாய் வண்டின்னா 14,160. டெல்லி தர்றதைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு, ஆனா இதை யாரும் மானியம்னு சொல்றதில்ல. கட்டாத காசு கண்ணுக்குத் தெரியாதுல்ல.

மூணாவதா ஒண்ணு இருக்கு, அதுக்குத் தேதியே கிடையாது. பேட்டரி வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். இதே வண்டிக்கு பெட்ரோல் வண்டி மாதிரி 18 போட்டிருந்தா இன்னொரு 14,600 ஏறியிருக்கும்.


வெயிலூர்க்காரன் | 9 நவம்பர், இரவு 10.51

மக்கன்பேடா ஒரு பக்கத்தை மட்டும் சொல்றார். செப்டம்பர் 22லருந்து 350 சிசிக்குள்ள பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆயிடுச்சு. சாதாரண ஸ்கூட்டரே ஏழாயிரம் எட்டாயிரம் இறங்கியிருக்கு. ஒரு கையால பேட்டரிக்கு அஞ்சாயிரம் கொடுத்து இன்னொரு கையால பெட்ரோலுக்கு ஏழாயிரம் கொடுக்கிறாங்க. இதுல எது கொள்கை?

அப்புறம் நம்ம ஊர் மே மாசம். 43 டிகிரியில சிப்காட் ஷெட்டுக்கு வெளியில ஒன்பது மணி நேரம் நிக்கப் போற வண்டி அது. அதையும் யோசிங்க.


அல்லாபுரம் பக்கத்துத் தெரு | 10 நவம்பர், காலை 6.12

விலையெல்லாம் பேசுங்க, இதையும் ஒரு தடவை படிச்சிட்டுப் பேசுங்க. 2022 மார்ச் கடைசியில சின்ன அல்லாபுரத்துல வீட்டுல சார்ஜ் போட்டிருந்த புது வண்டி ராத்திரியில எரிஞ்சது. அப்பாவும் பொண்ணும் புகையில மூச்சுத் திணறிப் போயிட்டாங்க. எங்க தெருவுல ஒரு மாசம் யாரும் செல்போனைக்கூட தலைமாட்டுல சார்ஜ் போடல.

வேலூர்ல பேட்டரி வண்டின்னு சொன்னா எங்க வீட்டுல இன்னும் முதல்ல வர்ற பேச்சு அதுதான். மானியம் அப்புறம்.


ஆற்காட்டு மக்கன்பேடா | 10 நவம்பர், காலை 7.30

அதை மறக்க முடியாதுங்க. அந்த வருஷம் பல ஊர்ல வண்டி எரிஞ்ச பிறகுதான் பேட்டரி பாதுகாப்பு விதி ஏஐஎஸ் 156ஐ இறுக்கினாங்க. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, ரெண்டாவது கட்டம் 2023 மார்ச் 31. ஒரு செல் கொதிச்சா பக்கத்து செல்லுக்குப் பரவுதான்னு சோதனை, சூடு ஏறினா ஓட்டுறவருக்கு எச்சரிக்கை, இதெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. அதனால மாடிவீடு, செகண்ட்ஹேண்ட்ல சல்லிசா கிடைக்குதுன்னு 2023க்கு முந்தின வண்டியைத் தொடாதீங்க. அதுக்கு மானியமும் கிடையாது.


ராச்சாப்பாடு டெலிவரி | 10 நவம்பர், பகல் 12.05

ஒரு வருஷமா பேட்டரி வண்டியிலதான் சாப்பாடு டெலிவரி பண்றேன் ப்ரோ. சத்துவாச்சாரி, காகிதப்பட்டறை, காட்பாடின்னு தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும். எரிஞ்சது கிரிஞ்சது ஒண்ணும் இல்ல. ஆனா ஓட்டி வந்த உடனே சார்ஜ் போட மாட்டேன். நிழல்ல அரை மணி நேரம் விட்டு சீட்டுக்கடியில கை வெச்சுப் பார்ப்பேன். வெதுவெதுப்பு போனப்புறம்தான் ப்ளக். மே மாசம் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

வெயில்ல ரேஞ்ச் குறையும்னு சொல்றாங்கல்ல? எனக்கு அதைவிட அதிகமா சாப்பிடுறது பாலாத்துப் பாலத்து டிராஃபிக்ல மெதுவா போய்ட்டு கிரீன் சர்க்கிள் தாண்டினதும் முறுக்குறதுதான்.

மானியம் பத்தி: எங்களை மாதிரி ஆப் வேலை பார்க்கிறவங்க 2,000 பேருக்கு பேட்டரி ஸ்கூட்டர் வாங்க தலா 20,000னு 2025-26 மாநில பட்ஜெட்ல சொன்னாங்க. மாநிலம் முழுக்க ரெண்டாயிரம் பேர். சாயந்திரம் ஏழு மணிக்கு கிரீன் சர்க்கிள்ல நின்னு டெலிவரி பசங்களோட கலர் டி-ஷர்ட்டை எண்ணிப் பாருங்க, வேலூருக்கு எத்தனை கிடைக்கும்னு தெரியும். நான் நல வாரியத்துல பதிஞ்சு வெச்சிருக்கேன். கிடைச்சா பார்ட்டி.


ஆட்டோ காட்பாடி ஜங்ஷன் | 10 நவம்பர், மாலை 4.40

இன்னா தலைவா எல்லாம் ஸ்கூட்டருக்கே பேசிக்கினு கீறீங்க. நான் பேட்டரி ஆட்டோ. பச்சை போர்டுல மஞ்ச எழுத்து. எங்களுக்கும் அதே 2,500 கணக்குதான், ஆனா பேட்டரி பெருசுன்றதால 25,000 வரைக்கும் போவும்.

ஜங்ஷன்லருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் நாளுக்குப் பதினஞ்சு சவாரி. வடநாட்டுலருந்து வர்ற பேஷண்ட்டுங்க சத்தம் இல்லாத வண்டின்னு தேடி ஏறுவாங்க. டயாலிசிஸ் முடிச்சி வர்ற பெரியவரு ஒருத்தரு என் நம்பர வாங்கி வெச்சிகினு எனக்கு மட்டும்தான் போன் போடுவாரு. டீசல் வண்டி குலுக்கல் அவருக்கு ஆவாது.

ஆனா ஒண்ணு. பேட்டரி வண்டிக்குப் பர்மிட்டு வேணாம்னு கவருமெண்டு சொல்லிட்ச்சி. ஸ்டாண்டு சொல்லலியே. மூணு மாசம் என்ன ஸ்டாண்டுல சேக்கல. "நீ பர்மிட்டு இல்லாம வந்தவன்"னாங்க. டீக்கடை ஓரம் நின்னு நின்னு ஓட்னேன். கடேசில ஸ்டாண்டுக்கு மெம்பர் காசு கட்டி உள்ள போனேன். மானியத்துல பாதி அங்கியே பூட்ச்சி. இத்த எந்தப் பேப்பர்லயும் எழுத மாட்டாங்க.


முள்கத்தரி இலவம்பாடி | 10 நவம்பர், இரவு 8.15

என் மாமியாருக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்னு ஒரு குட்டி வண்டி எடுத்துக் கொடுத்தோம். 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள, 250 வாட் மோட்டார். கத்தரிக்காய் மூட்டையைக் கால் வைக்கிற இடத்துல சாச்சு வெச்சிட்டுப் பள்ளிகொண்டா வரைக்கும் போயிட்டு வருவாங்க. முள் குத்தி சீட் கவர் பூரா ஓட்டை. அதுக்கு மானியம் இல்லைன்னு வாங்கினப்புறம்தான் தெரிஞ்சது. கடைக்காரர் "எல்லாம் சேர்த்துத்தான் விலை"ன்னு சிரிச்சார். பதிவே இல்லாத வண்டிக்கு எந்த மானியம்? ஏமாந்தது நாங்கதான்.


ஓட்டேரி வாத்தியார் | 11 நவம்பர், காலை 5.55

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2019 ஏப்ரலில் ஃபேம் என்ற முந்தைய மத்திய மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வந்தபோது ஸ்கூட்டருக்குக் கிலோவாட் அவருக்கு 10,000. 2021 ஜூனில் 15,000 ஆக்கி, வண்டி விலையில் 40 சதவீதம் வரைக்கும் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் 3 கிலோவாட் அவர் வண்டிக்கு 45,000 ரூபாய் கழிந்தது. 2023 ஜூன் 1 முதல் அது 10,000 ஆகவும் உச்சவரம்பு 15 சதவீதமாகவும் சுருங்கியது. நாடு முழுக்க மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டிய விற்பனை ஜூனில் பாதிக்கும் கீழே விழுந்தது. 2024 ஏப்ரலில் 5,000. இப்போது 2,500. அடுத்த ஏப்ரலில் பூஜ்யம்.

குழந்தைக்கு நடைவண்டியை வாங்கிக் கொடுத்தால் ஒரு நாள் பிடுங்கத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. லட்சத்து இருபதாயிரம் கொடுத்து வண்டி வாங்க முடிந்தவருக்கு எதற்கு அரசுப் பணம்? இதே பிஎம் இ-டிரைவில் பேருந்துக்கு 4,391 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள், 14,028 பேருந்துகள். யாருக்கு? நாற்பது லட்சம் மக்கள்தொகைக்கு மேல் உள்ள ஒன்பது நகரங்களுக்கு. தமிழ்நாட்டில் சென்னை மட்டும். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு வரும் என் மாணவனுக்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை.


ராச்சாப்பாடு டெலிவரி | 11 நவம்பர், காலை 10.20

வாத்தியாரே, லட்சத்து இருபதாயிரத்தை நான் எங்க "கொடுத்தேன்"? மாசாமாசம் 3,900 கட்டிட்டு இருக்கேன். பெட்ரோல்ல மிச்சமாகுற காசுதான் தவணையே.


ஓட்டேரி வாத்தியார் | 11 நவம்பர், காலை 10.48

தம்பி, உங்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு இருபதாயிரம், இரண்டாயிரம் பேரோடு நிற்காமல் கொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட ஆம்பூர் போவதற்கு மூன்றாவது வண்டி வாங்குகிறவருக்கு வேண்டாம் என்கிறேன். அப்படி வாங்கியவர்களில் நானும் ஒருவன், 2022இல். வெட்கத்தோடு சொல்கிறேன்.


வெயிலூர்க்காரன் | 11 நவம்பர், காலை 11.02

அப்ப அந்த நாப்பத்தஞ்சாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் பேசுங்க சார் 😄

இன்னொரு பக்கமும் இருக்கு. வாங்குறவனுக்குக் கொடுக்கிறதைப் பத்தியே பேசுறோம். தயாரிக்கிறவனுக்குக் கொடுக்கிறது? வாகன உற்பத்தி ஊக்கத்தொகைன்னு டெல்லி ஒதுக்கினது 25,938 கோடி. நம்ம மாநிலத்தோட 2023 கொள்கையும் 50,000 கோடி முதலீடு, ஒன்றரை லட்சம் வேலைன்னு தொழிற்சாலையை நோக்கி எழுதினதுதான். ஓசூர், போச்சம்பள்ளி எல்லாம் அப்படித்தான் வளர்ந்தது. மாடிவீடு வேலை பார்க்கிற ராணிப்பேட்டையிலேயே 2021லருந்து பேட்டரி ஸ்கூட்டர் ஆலை ஓடுது. நான் தப்புன்னு சொல்லல, எங்க மச்சான் பையனுக்கு வேலை கிடைச்சதே அப்படித்தான். ஆனா 5,000க்குச் சண்டை போடுறப்ப பெரிய பானை எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும்.


மட்டுறுத்துநர் | 11 நவம்பர், பகல் 1.00

கட்சிப் பெயர் போட்ட நாலு பதிவுகளை எடுத்திருக்கிறேன். மாநிலத்தின் 2019 பேட்டரி வண்டிக் கொள்கை ஒரு ஆட்சியில் வந்தது, 2023 கொள்கை இன்னொரு ஆட்சியில். இரண்டிலும் வரிவிலக்கு இருந்தது. வண்டியைப் பற்றிப் பேசுங்கள்.


மாடிவீடு விருதம்பட்டு | 15 நவம்பர், இரவு 9.05

எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு வேற ஷோரூம் போய் எழுத்துல விலை வாங்கினேன். மக்கன்பேடா சொன்னபடி ஒவ்வொரு வரியாப் படிச்சேன். மானியக் கழிவு 5,000, தனி வரி, சரி. சாலை வரி 0, சரி. அதுக்குக் கீழ "பதிவு மற்றும் கையாளுதல் 6,500"னு ஒண்ணு. பேட்டரி வண்டிக்கு ஆர்சி கட்டணமே 2021லருந்து இல்லைன்னு எங்கயோ படிச்சிருந்தேன், அப்ப இந்த ஆறாயிரத்தைந்நூறு எதுக்குன்னு கேட்டேன். மேனேஜர் உள்ள போனார், ஏசி கதவைச் சாத்தினார், அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தார். அடிச்சிட்டு 1,200னு எழுதினார். நம்பர் பிளேட்டு, ஸ்மார்ட் கார்டாம். அரசு விட்டுக்கொடுத்த வரியை அதே கலர் இங்க்ல இவங்க வசூல் பண்றாங்க.

ரெண்டு கேள்வி பாக்கி. ஒண்ணு, டிசம்பர் 31க்கு முன்னால புக் பண்ணினா போதுமா? ரெண்டு, மின்சாரம். மாடிக்குத் தனி மீட்டர் இருக்கு, ரெண்டு மாசத்துக்கு 430 யூனிட் ஓடும். ஆனா வண்டி நிக்கிற இடம் கீழ. அங்க இருக்கிற ப்ளக் ஓனரம்மா மீட்டர்ல.


ஆற்காட்டு மக்கன்பேடா | 15 நவம்பர், இரவு 9.40

புக்கிங் தேதி செல்லாது. வரி விழுறது பதிவாகிற அன்னைக்கு. கேட்ட கலர் இல்லைன்னு ஜனவரிக்குத் தள்ளுவாங்க, ஒத்துக்காதீங்க. இருக்கிற கலரை எடுங்க. 2022 கடைசியில முடிய வேண்டிய விலக்கு 2025 வரைக்கும் வந்த மாதிரி இதையும் நீட்டிக்கலாம். நான் நீட்டிப்பாங்கன்னு நம்புறேன், ஆனா என் நம்பிக்கைக்கு நீங்க 14,160 பணயம் வைக்க வேண்டாம்.

இன்னொண்ணு, பேட்டரி வாரன்ட்டியை நல்லாப் படிங்க. வண்டியோட சேர்ந்து வந்தா ஜிஎஸ்டி 5. வாரன்ட்டி முடிஞ்சு பேட்டரியைத் தனியா வாங்கினா 18.


ஈபி ரிட்டயர்டு தொரப்பாடி | 16 நவம்பர், காலை 8.10

மின்சாரக் கணக்கு நான் சொல்றேன். 3 கிலோவாட் அவர் பேட்டரி நிறைய சுமார் 3.4 யூனிட் இழுக்கும், சூடா போற வீணும் சேர்த்து. அதுக்கு நிஜத்துல 90 கிலோமீட்டர் வரும்னு வெச்சுக்குங்க. உங்க ஓட்டம் மாசம் 1,250 கிலோமீட்டர். ஆக மாசத்துக்கு 47 யூனிட், பில் காலத்துக்கு 95. இதே ஓட்டத்துக்கு 45 மைலேஜ் ஸ்கூட்டர்ல, லிட்டர் 102 போட்டாலும் மாசம் 2,800 பெட்ரோலுக்குப் போகும்.

இப்ப வில்லங்கம். உங்க 430ஓட 95 சேர்ந்தா 525. நம்ம ஊர் கட்டணத்துல 500 வரைக்கும் ஒரு அட்டவணை, 500ஐத் தாண்டினா வேற அட்டவணை. தாண்டின 25 யூனிட்டுக்கு மட்டும் கூடுதல்னு நினைச்சிடாதீங்க, கீழ் அடுக்குல கிடைச்ச சலுகையும் போயிடும். கவுண்டர்ல உட்கார்ந்திருந்தப்ப இதுக்காக நான் வாங்கின திட்டு கொஞ்சநஞ்சமில்ல. "ஒரு யூனிட்டுக்கு இவ்வளவா"ன்னு ஒரு பாட்டி கார்டை மேசை மேலயே வீசிட்டுப் போச்சு.

ரெண்டு வழி. வாரத்துல ரெண்டு நாள் கம்பெனியில சார்ஜ் போட விடுவாங்களான்னு கேளுங்க, 25 யூனிட் அங்கயே கழிஞ்சிடும். இல்லைன்னா கீசரைக் குறைங்க. வேலூர்ல கீசர் எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல.

ஓனரம்மா மீட்டர்ல கடன் வாங்காதீங்க. அவங்க யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கேட்டாலும் மாசம் 470தான், அது பிரச்சனை இல்ல. அவங்க பில் 500ஐத் தாண்டுற மாசம்தான் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. உங்க மீட்டர்லருந்து தனி ஒயர் கீழ இறக்குங்க.


ஆட்டோ காட்பாடி ஜங்ஷன் | 16 நவம்பர், காலை 9.33

ஈபி அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. நான் ஓனர் மீட்டர்ல போட்டு ஒரு வீடு மாறிட்டேன்.


மாடிவீடு விருதம்பட்டு | 21 நவம்பர், இரவு 8.50

கம்பெனியில கேட்டேன். செக்யூரிட்டி ரூம் ப்ளக்ல செவ்வாய், வெள்ளி போட்டுக்கலாம்னு சூப்பர்வைசர் வாயால சொல்லியிருக்கார். எழுத்துல கேட்டா இல்லைன்னுடுவார், அதனால கேக்கல.

ஓனரம்மாகிட்ட நேத்து பேசினேன். முதல்ல வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. காசு விஷயம்னு நினைச்சேன். இல்ல. "அல்லாபுரத்துல நடந்தது தெரியும்ல"ன்னாங்க. விதி மாறினதை, 2023ஐ, எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, ஒரு நிபந்தனையோட சரின்னாங்க: ராத்திரி பத்து மணிக்கு மேல ஒயர்ல கரண்ட் இருக்கக் கூடாது. பத்தாச்சுன்னா அவங்களே வந்து பார்ப்பாங்களாம். நான் ஆறரைக்கு வீட்டுக்கு வருவேன். போதுமா?


ஈபி ரிட்டயர்டு தொரப்பாடி | 21 நவம்பர், இரவு 9.15

தாராளமா. ஐம்பது கிலோமீட்டருக்கு 1.9 யூனிட்தான். 750 வாட் சார்ஜர்னா ரெண்டரை மணி நேரம். ஏழு மணி வரைக்கும் வண்டி ஆறட்டும், ஒன்பதரைக்கு எடுத்துடலாம். நாலு ஸ்கொயர் செம்பு ஒயர், பதினாறு ஆம்பியர் ப்ளக், தனி எம்சிபி (லோடு ஏறினா தானா அணையுற சுவிட்ச்), கூட ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா அணையுறது). எர்த் இருக்கான்னு டெஸ்டர் பல்பு வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பழைய வீடுன்னா எர்த் ஒயர் இருக்கும், எர்த் இருக்காது.


மாடிவீடு விருதம்பட்டு | 21 நவம்பர், இரவு 9.22

நாளைக்கு எலக்ட்ரீசியன் வர்றார். மாடி மீட்டர் போர்டுலருந்து கீழ தூண் வரைக்கும் அளந்தேன், ஏழு மீட்டர். ஏழே வாங்கிடவா?


ஈபி ரிட்டயர்டு தொரப்பாடி | 21 நவம்பர், இரவு 9.24

பத்து வாங்குங்க. வளைவுல சாப்பிடும்.